மாஸ்டர் வண்டிக்கு எத்தனை கம்பி

"வண்டி சொன்னபடி கேக்க மாட்டேங்குது அம்மிணி" என்றார் குழந்தைவேலு.

மரகதம் ஒரு காரின் அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"அதுகிட்ட என்ன சொன்னீங்க?"

"திரும்புன்னு சொன்னேன்."

"அது என்ன சொல்லுச்சு?"

"யோசிச்சுச் சொல்றேன்னுச்சு."

மரகதம் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தாள்.

குழந்தைவேலுவுக்கு ஐம்பத்தெட்டு வயது. கோயமுத்தூரில் வடவள்ளிப் பக்கம் முப்பத்தொரு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். மூவாயிரம் பேருக்காவது ஓட்டக் கற்றுக்கொடுத்திருப்பார். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும்.

அந்த வருடம்தான் ஒரு கார் கிளப்பில் சேர்ந்திருந்தார்.

ஊருக்கு வெளியே, மூடிப்போன மில் ஒன்றின் மைதானத்தில் கூம்புகளை நட்டு வளைவு வளைவாகப் பாதை போட்டிருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார். யார் சீக்கிரம் சுற்றி வருகிறார் என்று கடிகாரம் சொல்லும்.

மாஸ்டரிடம் இருந்தது ஸ்கூல் வண்டி ஒன்றுதான். பதினெட்டு வயதான வெள்ளைக் கார். கூரை மேல் சிவப்பு எழுத்தில் எல் போர்டு.

முதல் போட்டியில் இருபது பேர் ஓட்டினார்கள். அவர் இருபதாவது.

வருடத்துக்கு மூன்று போட்டி. மூன்றிலும் கடைசியாக வருபவருக்கு அடுத்த வருடம் இடம் கிடையாது. கயிற்றுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கலாம்.

"முப்பத்தொரு வருஷம் பழகறவங்களுக்குப் பக்கத்துல, அக்கட்டச் சீட்டுலயே உக்காந்திருக்கறேன்" என்றார் மாஸ்டர். "அடுத்தவங்க ஓட்டறதைப் பாத்துப் பாத்தே வயசு போயிருச்சு. ஒரு தடவை இக்கட்ட, ஸ்டியரிங் பக்கம் உக்காந்து மனசு நெறைய ஓட்டிப் பாக்கணும் அம்மிணி. அவ்வளவுதான்."

பின் சீட்டைத் திறந்து காட்டினார்.

பழைய செய்தித்தாளில் சுற்றிய ஐந்து இரும்புக் கம்பிகள் வரிசையாகப் படுத்திருந்தன.

"இதெல்லாம் பாருங்க. பாடி அசையாம இருக்கறதுக்குப் போடறது. இது இன்ஜினுக்கு மேல, குறுக்கால. இது அடியில. இது பின் சக்கரத்துக்கிட்ட. ஐதராபாத்துல இருந்து வர வெச்சேன். அஞ்சையும் போட்டு வண்டியப் பாறை மாதிரி ஆக்கிருங்க."

மரகதம் பன்னிரண்டு வருடம் பந்தயக் கார்க் கொட்டகைகளில் வேலை பார்த்தவள். இப்போது பேரூர் ரோட்டில் சொந்தமாகத் தகரக் கூரை போட்டு உட்கார்ந்திருக்கிறாள். வயது முப்பத்தெட்டு.

கம்பிகளை அவள் தொடவில்லை. ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தாள்.

காரின் பின்பக்க வலது மூலையில் வைத்து ஏற்றினாள். சக்கரம் தரையை விட்டு எழும்பித் தொங்கியது.

"மாஸ்டர், பின் கதவைத் தொறந்து சாத்துங்க."

மாஸ்டர் திறந்தார். சாத்தினார்.

கதவு மூடவில்லை.

இடித்துச் சாத்தினார். கொண்டியில் முட்டிக்கொண்டு நின்றது.

ஜாக்கியை இறக்கினாள். "இப்ப?"

கதவு சாதுவாக மூடிக்கொண்டது.

மாஸ்டர் குனிந்து பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார்.

"ஒரு சக்கரத்தத் தூக்கினதுக்கே பாடி முறுக்கிக்குதா?"

"ஆமாங்."

"அப்ப ஒவ்வொரு வளைவுலயும்?"

"ஆமாங்."

"பதினெட்டு வருஷமா ஊரே ஏறி மிதிச்ச வண்டி" என்றார் மாஸ்டர். அதன் கூரையைத் தடவிக் கொடுத்தார். "சொல்லவே இல்லை பாருங்க."

அந்த வாரம் முழுக்க மரகதம் அந்தக் காரின் அடியிலேயே கிடந்தாள். கதவுகளுக்குக் கீழே ஓடும் பட்டையில் பழைய வெல்டிங் பல இடங்களில் விட்டுப்போயிருந்தது. ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து ஒட்டினாள். பிறகு கம்பிகளை எடுத்தாள். ஒன்றை இன்ஜினுக்கு மேல் குறுக்கே பூட்டினாள். இரண்டை அடியில் பூட்டினாள்.

சனிக்கிழமை மாஸ்டர் வந்தார். ஜாக்கி ஏறியது. சக்கரம் தொங்கியது.

"சாத்துங்க."

டப்.

மாஸ்டர் திறந்தார். டப். மறுபடி திறந்தார். டப்.

பதினோரு தடவை சாத்தினார். பன்னிரண்டாவது தடவை பக்கத்து டீக்கடைக்காரரைக் கூப்பிட்டு அவரைச் சாத்தச் சொன்னார்.

மரகதம் மீதி இரண்டு கம்பிகளைச் செய்தித்தாளில் சுற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"இது?"

"வேண்டாமுங்."

"ஏன் அம்மிணி?"

"வண்டிக்குப் போதுமுங்."

மாஸ்டர் வாங்கிக்கொண்டார். தலையாட்டினார். வீட்டுக்குப் போனார்.

வீட்டில் அந்த இரண்டு கம்பிகளும் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. மூன்று போட்டதற்கே இப்படி என்றால் ஐந்தும் போட்டால் எப்படி இருக்கும் என்று அவர் நான்கு நாள் யோசித்தார்.

ஐந்தாவது நாள் வேறொரு பட்டறைக்குப் போனார். இரண்டையும் பூட்டச் சொன்னார். கூடவே, ஏறி நின்று குதித்தாலும் அமுங்காத ஸ்பிரிங் நான்கு வாங்கிப் போட்டார். டயரில் காற்றையும் கல் மாதிரி அடித்தார்.

இரண்டாவது போட்டியில் வண்டி பாறை மாதிரியே ஓடியது.

முதல் வளைவில் பாறை மாதிரியே நேராகப் போனது. மைதானத்தில் ஒரு சின்ன மேடு. அதில் ஏறியதும் நான்கு சக்கரமும் காற்றில் இருந்தன. ஆறு கூம்புகளைச் சாய்த்துவிட்டு மணல் மூட்டையில் போய் நின்றது. யாருக்கும் அடி இல்லை.

இருபது பேரில் இருபதாவது.

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் சதாசிவம் தன் சிவப்புக் காரில் சாய்ந்து நின்றிருந்தார். "மாஸ்டர், அந்த எல் போர்டைக் கழட்டிராதீங்க. பொருத்தமா இருக்குது" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரிடம் அந்த வாரம் கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்த நர்ஸ் ஒருத்தியும் வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் மாஸ்டருக்குத் தாங்கவில்லை.

திங்கட்கிழமை காலை மரகதத்தின் கொட்டகை வாசலில் அவர் நின்றார். வண்டி மாதிரியே உறுமினார்.

"கம்பி அஞ்சும் இருக்குது. ஸ்பிரிங்கு இரும்பாட்டம் இருக்குது. ஒண்ணும் அசையறதில்லை. அப்பவும் திரும்பலை அம்மிணி!"

மரகதம் காரை ஒரு சுற்று சுற்றி வந்தாள். பானெட்டை ஒரு கையால் அழுத்திப் பார்த்தாள். அது அமுங்கவே இல்லை.

கொட்டகைக்குப் பின்னால் ஜல்லி கொட்டிக் கிடந்தது. மேடும் பள்ளமுமாக முப்பது அடி நீளத்துக்கு.

"மாஸ்டர், செருப்போட அதுமேல அக்கட்ட வரைக்கும் ஓடுங்க."

"நானா?"

"நீங்கதான். ஒண்ணே ஒண்ணு. முழங்காலை மடக்கக் கூடாது."

மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டினார். கால்களை இரண்டு கட்டைகள் மாதிரி விறைத்துக்கொண்டு ஓடினார்.

நான்காவது அடியில் உடம்பு ஒரு பக்கம் போனது, கால் ஒரு பக்கம் போனது. ஜல்லியில் உட்கார்ந்துவிட்டார்.

டீக்கடைக்காரர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப முழங்காலை மடக்கிக்கலாம்" என்றாள் மரகதம். "ஆனா முதுகையும் சேத்து வளைச்சு, கையக் காலத் தொளதொளன்னு விட்டுட்டு ஓடுங்க."

மாஸ்டர் ஓடினார். ஐந்தாவது அடியில் மறுபடி உட்கார்ந்தார்.

இந்தத் தடவை அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்தபடியே சிரித்தார். ஜல்லியை ஒரு கை அள்ளி வீசினார்.

யாரும் சொல்லாமலே எழுந்தார். முதுகை நிமிர்த்தினார். முழங்காலை விட்டுக்கொடுத்தார்.

அக்கட்ட வரைக்கும் ஓடினார். திரும்பி இக்கட்டயும் ஓடி வந்தார்.

மூச்சு வாங்க நின்று தன் முழங்காலைப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார். அதன் முன் சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தார், அந்தக் கெட்டி ஸ்பிரிங்கை.

"அட நாசமே" என்றார்.

மரகதம் அதற்குள் ஸ்பேனரை எடுத்திருந்தாள்.

சாயங்காலத்துக்குள் நான்கு ஸ்பிரிங்கும் வெளியே வந்தன. பழைய ஸ்பிரிங்குகள் உள்ளே போயின. டயரில் காற்றும் குறைந்தது. அந்த இரண்டு கம்பிகளில் ஒன்று, தனித்தனியாக ஏறி இறங்க வேண்டிய பின் சக்கரங்களைச் சேர்த்துக் கட்டியிருந்தது. இன்னொன்று தரையில் உரசிக்கொண்டிருந்தது. இரண்டையும் கழற்றி மூலையில் சாத்தினாள்.

"இப்பத் திரும்புமா?"

"ஓட்டிப் பாக்கலாமுங்."

ஊருக்கு வெளியே வீட்டுமனை போட்டிருந்தார்கள். தார் ரோடு இருந்தது, வீடு ஒன்றுகூட இல்லை. இடத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனார்கள்.

மாஸ்டர் ஓட்டினார். மரகதம் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஒரு சுற்று முடிந்தது.

"எப்படி?" என்றார் மாஸ்டர்.

"எறங்கி இக்கட்ட வாங்க."

இடம் மாறினார்கள். ஸ்கூல் வண்டி என்பதால் இடது சீட்டுக்கு முன்னால் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பழகுபவர்கள் தப்புச் செய்தால் மாஸ்டர் மிதிப்பதற்கு.

மரகதம் ஓட்டினாள். முதல் வளைவு வந்தது.

கார் நின்றுவிட்டது.

மாஸ்டர் தன் காலைப் பார்த்தார். அது பிரேக் மேல் இருந்தது.

"பழக்கம்" என்றார்.

இரண்டாவது வளைவு. கார் நின்றது.

மூன்றாவது வளைவுக்கு வண்டி போகவே இல்லை. நேர் ரோட்டிலேயே நின்றது.

மரகதம் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தாள்.

"பதினெட்டு வருஷத்துக்கு முந்தி இதே வண்டியில இதே மாதிரித்தான் மாஸ்டர். ஒரு நாளைக்கு நாப்பது தடவை நிறுத்துவீங்க."

மாஸ்டர் அவளை உற்றுப் பார்த்தார்.

"நீங்க நம்ம ஸ்கூல்லயா பழகினீங்க?"

"வண்டி வாங்கின புதுசுல. சீட்டுல பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கலை."

"மறந்துட்டேனே அம்மிணி!"

"நான் மறக்கலீங். இது உள்ள வந்த அன்னைக்கே தெரிஞ்சுது."

மாஸ்டர் டேஷ்போர்டைத் துண்டால் துடைத்தார்.

"பெல்ட்டப் போட்டுட்டு" என்றாள் மரகதம், "ரெண்டு காலையும் மேல தூக்கிச் சம்மணம் போட்டு உக்காருங்க."

"எங்க?"

"சீட்டுலதான்."

மாஸ்டர் கல்யாணப் பந்தியில் உட்காருவது மாதிரி உட்கார்ந்தார்.

கார் கிளம்பியது. வளைவு வந்தது. அவருடைய வலது கால் துள்ளியது, ஆனால் மிதிக்க ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டார். முருகா என்றார்.

இரண்டாவது வளைவில் ஒரு கண்ணைத் திறந்தார்.

மூன்றாவது வளைவில் ரோடு கொஞ்சம் குண்டும் குழியுமாக இருந்தது. கீழே சக்கரங்கள் ஏறி இறங்கும் சத்தம் கேட்டது. மேலே வண்டி அலுங்கவில்லை. அவள் பார்த்த பக்கம் அது வழுக்கிக்கொண்டு போனது.

மாஸ்டர் வாயைத் திறந்தார். ஒரு கூச்சல்தான் வந்தது. திருவிழாவில் ராட்டினத்தில் ஏறியவன் போடுகிற கூச்சல்.

"இன்னொரு சுத்து" என்றார்.

சுற்றினாள்.

"இன்னொண்ணு."

ஆறு சுற்றுக்குப் பிறகுதான் காலை இறக்கினார். மரத்துப்போயிருந்தது. அதற்கும் சிரித்தார்.

"என் வண்டியா இது?"

"உங்க வண்டிதாங்."

"அப்ப எங்கிட்ட மட்டும் ஏன் முரண்டு புடிக்குது?"

மரகதம் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தாள். தோலோடு வறுத்த நிலக்கடலை. மாஸ்டரை ஓட்டுகிற சீட்டில் உட்கார வைத்தாள். அவருடைய இரண்டு உள்ளங்கைகளுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் கைக்கொரு கடலையை வைத்தாள்.

"இது ஒடையக் கூடாது."

"இதென்ன பெரிய விஷயம்" என்றார் மாஸ்டர்.

முதல் வளைவில் இரண்டும் நொறுங்கின.

மரகதம் பருப்பைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டாள். வேறு இரண்டு வைத்தாள்.

நொறுங்கின. அதையும் தின்றாள்.

"தோளு ரெண்டும் காதுகிட்ட வந்துருச்சுங் மாஸ்டர்."

மாஸ்டர் தோளை இறக்கினார்.

"மூச்சு விடுங்க."

விட்டார். எத்தனை நேரமாகப் பிடித்து வைத்திருந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

பாதிப் பொட்டலம் காலியானது. மாஸ்டர் ஓட்டிக்கொண்டே கேட்டார்.

"இப்ப எப்படி ஓட்டறேன்?"

"நல்லா வறுத்திருக்காங்க" என்றாள் மரகதம், மென்றுகொண்டே.

அவள் ரோட்டைப் பார்க்கவே இல்லை. சீட்டைப் பின்னுக்குச் சாய்த்து, கால்மேல் கால் போட்டு, பொட்டலத்துக்குள் நல்ல கடலையாகத் தேடிக்கொண்டிருந்தாள். அக்கட்டச் சீட்டில் இப்படி ஒருவர் உட்கார்ந்து மாஸ்டர் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

வெயில் சாயும்போது ஒரு சுற்று முடித்து நிறுத்தினார். கையை விரித்தார்.

இரண்டு கடலையும் முழுசாக இருந்தன.

"எனக்கு இல்லையா?" என்றார் மாஸ்டர். இரண்டையும் உரித்துத் தானே தின்றார்.

மூன்றாவது போட்டி அன்று காலையில் மரகதம் மைதானத்துக்கு வந்தபோது, மாஸ்டர் இடது சீட்டுக்கு முன்னால் காலடியில் தலையை விட்டுக் கிடந்தார். வெளியே தெரிந்தது இரண்டு கால்கள்தான்.

"என்ன பண்றீங்க?"

அவர் வெளியே வந்தார். கையில் அந்த இரண்டாவது பிரேக்கின் மிதிகட்டை இருந்தது.

"ஸ்கூலு நாளைக்குத்தான். இன்னைக்கு அக்கட்ட யாரும் இல்லையே. எதுக்கு இது?"

மரகதம் அவரையே பார்த்தாள். மிதிகட்டையை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

கொடி இறங்கியது.

மாஸ்டர் முதல் வளைவுக்குள் போனார். கூம்புகளின் ஓரத்தை ஒட்டி வெள்ளை வண்டி வளைந்து வெளியே வந்தது. மேட்டில் ஏறி, ஒரு தடவை அமுங்கி, எதுவும் நடக்காதது மாதிரி இறங்கியது. கயிற்றுக்கு வெளியே நின்ற கூட்டத்துக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் ஒரு சத்தம் கேட்டது. இன்ஜின் சத்தமில்லை. மாஸ்டர் உள்ளே இருந்து கூச்சல் போட்டுக்கொண்டே ஓட்டினார்.

நர்ஸ்தான் முதலில் கை தட்டினாள்.

கடைசிக் கோட்டைத் தாண்டியவர் நிறுத்தவில்லை. இன்னும் ஒரு சுற்று போய்விட்டு வந்தார். கிளப் செயலாளர் விசில் ஊதி ஊதிக் களைத்துப்போனார்.

இருபது பேரில் ஏழாவது.

சதாசிவத்தின் சிவப்புக் கார் எட்டாவது.

சதாசிவம் நல்ல மனிதர்தான். அவரே நடந்து வந்து மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பானெட்டைத் திறக்கச் சொன்னார். குனிந்து பார்த்தார். மண்டியிட்டு அடியிலும் பார்த்தார். டிக்கியைத் திறந்து விரலால் தட்டினார்.

"என்னோடதுல எட்டு இருக்குது மாஸ்டர். அடுத்த வாரம் இன்னும் ரெண்டு வருது. உங்களோடதுல எத்தனை கம்பி?"

"மூணுங்."

"மூணே மூணா? சும்மா சொல்லாதீங்க. வேற என்ன பண்ணீங்க?"

மாஸ்டர் மரகதத்தைப் பார்த்தார். அவள் வானத்தைப் பார்த்தாள்.

"கழட்டினோமுங்" என்றார் மாஸ்டர்.